பிளேடு சேரவில்லை

போன வாரம் சூரமங்கலத்தில் ஒரு கல்யாணம். முகூர்த்தம் முடிந்து, பந்திக்கு இன்னும் நேரம் இருந்தது. மண்டபத்துக்கு முன்னால் கொஞ்சம் புல்தரை. தோட்டக்காரர் ஒருவர் மின்சாரப் புல்வெட்டியைத் தள்ளிக்கொண்டிருந்தார். மிஷின் என்னவோ பலமாகத்தான் சத்தம் போட்டது. புல் மட்டும் வெட்டுப்படவில்லை — நசுங்கிப் படுத்துக்கொண்டது.

எனக்குக் கை சும்மா இருக்குமா?

“பிளேடைத் தலைகீழா மாட்டியிருக்கீங்க” என்றேன்.

“ரெண்டு பக்கமும் ஒரே மாதிரிதானே சார் இருக்குது?”

“இல்லே. முனையில வளைஞ்சிருக்கிற ரெக்கை மேல பார்த்து இருக்கணும்.”

பிளக்கைப் பிடுங்கச் சொல்லிவிட்டு, உட்கார்ந்து, திருப்பி மாட்டிக் கொடுத்தேன். புல் சீராக வெட்டுப்பட்டது. என் பட்டு வேட்டியில் கிரீஸ். “புல்லு வெட்டவா கல்யாணத்துக்கு வந்தீங்க?” என்று கேட்டாள் மனைவி.

தோட்டக்காரர் வேறு கேள்வி கேட்டார். “இதெல்லாம் எங்கே சார் கத்துக்கிட்டீங்க?”

“நாமக்கல்லில்” என்றேன். அதற்குமேல் அவரிடம் சொல்லவில்லை. உங்களிடம் சொல்கிறேன்.

எழுபதுகளின் கடைசி. டிராக்டர், புல்டோசர் பார்க்கிற அரசாங்க ஆபீஸில் எனக்கு இன்ஜினியர் வேலை. நாமக்கல்லுக்கு மாற்றல் வந்தது. மனைவிக்குத் திருநெல்வேலியில் டீச்சர் உத்தியோகம். மகள் அங்கேயே ஆறாம் வகுப்பு. ஆக, நான் மட்டும் ஒரு டிரங்குப் பெட்டியோடு வந்து, ஒரு தார்ப்பாய்க் கடையின் மாடியில் அறை எடுத்தேன்.

வார நாட்களில் ஒன்றும் தெரியாது. லாரிக்கு பாடி கட்டுகிற பட்டறைகள் காலையிலேயே தட்ட ஆரம்பித்துவிடும். எரிச்சலாக இருக்கும். ஆனால் ஞாயிற்றுக்கிழமை அந்தச் சத்தம் நிற்கும் பாருங்கள் — அதுதான் கஷ்டம். மெஸ்ஸையும் மத்தியானத்தோடு மூடிவிடுவார்கள். அறையில் உட்கார்ந்து என் கைக்கடிகாரத்துக்கு நானே சாவி கொடுத்துக்கொண்டிருப்பேன். ஒரே நாளில் நாலு தரம் சாவி கொடுக்க முடியாது என்பதை அங்கேதான் கண்டுபிடித்தேன்.

ஒரு நாள் ஆபீஸுக்கு ஒரு பெரியவர் வந்தார். வெள்ளைச் சட்டை, மடித்த வேட்டி, கையில் துண்டில் சுற்றிய ஏதோ ஒன்று. பெயர் நாச்சிமுத்து. ஜேடர்பாளையம் பக்கம் வாழையும் கரும்பும் போட்டிருக்கிற விவசாயி.

“ஏனுங்க, டிராக்டர் இன்ஜினியருங்க நீங்கதானுங்களா?”

“ஆமா. உட்காருங்க.”

துண்டைப் பிரித்தார். உள்ளே, தேய்ந்து முனை மழுங்கிய ஒரு இரும்புப் பட்டை.

“இது மாதிரி ரெண்டு வேணுமுங்க. அமெரிக்கா மிஷினுங்க. புல்லு வெட்டறது. மேல உக்காந்து ஓட்டோணுமுங்க.”

பக்கத்து மேஜை கிளார்க் சிரித்துக்கொண்டே கேட்டார். “மாட்டுக்குங்களா?”

“மாட்டுக்கு இல்லீங்க. சும்மா வெட்டறதுங்க.”

ஆபீஸே சிரித்தது. பெரியவரும் சேர்ந்து சிரித்தார். அந்தச் சிரிப்பு எனக்கு என்னவோ போல் இருந்தது. ஞாயிற்றுக்கிழமை வந்து பார்க்கிறேன் என்று சொல்லிவிட்டேன். அவருக்கு உதவி செய்யவா, ஞாயிற்றுக்கிழமையிலிருந்து தப்பிக்கவா? இன்றைக்குவரை எனக்குத் தெரியாது.

போனேன். வாய்க்கால் ஓரம் புதுசாகக் கட்டிய மாடி வீடு. முன்னால் அரை ஏக்கருக்குப் புல்தரை. அதன் நடுவில் சின்ன டிராக்டர் மாதிரி, சிவப்பாக ஒரு வண்டி. அதன் வயிற்றுக்கடியில்தான் இரண்டு பிளேடுகளும் சுற்றும்.

அவருடைய ஒரே மகன் தங்கவேலு அமெரிக்காவில் இன்ஜினியர். இனி ஊரோடு இருந்துவிடுவது என்று மனைவி, இரண்டு குழந்தைகளோடு திரும்பி வந்து, இந்த வீட்டைக் கட்டி, கப்பலில் இந்த மிஷினையும் கொண்டுவந்து இறக்கியிருக்கிறார். இரண்டு வருஷம் இருந்தார்கள். மருமகளுக்கு உடம்புக்கு ஒத்துக்கொள்ளவில்லை, குழந்தைகளுக்குப் பள்ளிக்கூடம் ஒத்துக்கொள்ளவில்லை. ஒரு வைகாசியில் கிளம்பிப் போய்விட்டார்கள். பெரியவரின் சம்சாரம் அதற்கு முன்பே காலமாகிவிட்டார். வீடு, புல்தரை, மிஷின், அவர் — இவ்வளவுதான் மிச்சம். சமைத்துப் போட ராமாயி என்று ஒரு அம்மாள் தோட்டத்துச் சாளைக் குடிசையிலிருந்து வந்துபோவார்.

“எதுக்குங்க இன்னும் வெட்டறீங்க?” என்று கேட்டேன்.

“வெட்டாம உட்டா அவன் போயிட்ட மாதிரி இருக்குதுங்க” என்றார்.

பிளேடு தேய்ந்ததும் முதலில் நாமக்கல் பட்டறை ஒன்றில் கொடுத்து, பழைய லாரி ஸ்பிரிங் பட்டையை அடித்து அதே மாதிரி செய்து வாங்கியிருக்கிறார். பார்வைக்கு அசலைவிட அழகாக இருந்ததாம். ஓட்டிய கொஞ்ச நேரத்தில் கல்லில் பட்டு இரண்டாக உடைந்து, ஒரு துண்டு பறந்துபோய் மாட்டுக் கொட்டகைச் சுவரில் செருகி நின்றிருக்கிறது.

“மாடு அக்கட்டால நின்னுச்சுங்க. தப்பிச்சுது.”

ஸ்பிரிங் இரும்பு கடினம். கல்லில் பட்டால் உடையும். இந்த மாதிரி மிஷினுக்கு வேண்டியது அடிபட்டால் வளைகிற இரும்பு. இதற்கு அமெரிக்காவிலிருந்து அசலை வரவழைப்பதுதான் வழி என்றேன்.

“அப்பிடீன்னா அவனுக்குத்தானுங்க எழுதோணும்” என்றார். முகத்தில் ஒரு வெளிச்சம். அப்போது நான் அதைக் கவனிக்கவில்லை. ஸ்கேலைத் தேடிக்கொண்டிருந்தேன்.

பிளேடு வாங்குவது என்றால் கடையில் போய், “புல்வெட்டி பிளேடு ஒன்று கொடு” என்று கேட்கிற சமாச்சாரம் இல்லை. நீளத்தை நேராக அளக்கக் கூடாது — வெட்டுகிற முனையிலிருந்து எதிர்ப்பக்கத்து வெட்டுமுனைக்கு மூலைவாட்டமாக அளக்க வேண்டும். இரண்டு பிளேடுகளும் பக்கத்தில் பக்கத்தில் சுற்றுகின்றன. ஒரு நூல் அதிகமானாலும் ஒன்றோடொன்று மோதிக்கொள்ளும். நடுத்துளை வட்டமா, நட்சத்திரமா, நட்சத்திரம் என்றால் எத்தனை முனை? அகலம், கனம், எந்தப் பக்கமாகச் சுற்றுகிறது? கடைசியாக அந்த ரெக்கை. அது உயரமாக இருந்தால் விசிறி மாதிரி காற்றை இழுத்துப் புல்லை நிமிர்த்தும். ஈரமான, அடர்ந்த புல்லுக்கு அது நல்லது. நம் ஊர் மணலுக்கும் புழுதிக்கும் ரெக்கை தாழ்வாக இருக்க வேண்டும். இல்லாவிட்டால் புல்லோடு மண்ணையும் வாரி இறைக்கும்.

எல்லாவற்றையும் அளந்து, படம் போட்டு, ஒரு நீல ஏர்லெட்டரில் எழுதிக் கொடுத்தேன். ஒரு வருஷமாக மகனுக்கும் அப்பாவுக்கும் நடுவில் பெரிதாகக் கடிதப் போக்குவரத்து இல்லை என்பது பிறகு தெரிந்தது. இதற்கு உடனே பதில் வந்தது. மூன்று பக்கம்.

“அப்பா, நடுத்துளை ஐந்து முனையா ஆறு முனையா என்று இன்னொரு தரம் எண்ணிப் பார்க்கச் சொல்லுங்கள். இங்கே ஒரு கடையில் விசாரித்தேன்…” என்று ஆரம்பித்து, கடைசியில் குளிர், சின்னவன் சைக்கிளிலிருந்து விழுந்தது, மருமகள் இட்லி மாவு புளிக்கவைக்கப் படுகிற பாடு — எல்லாம் இருந்தது. பெரியவர் அதை எனக்கு வாசித்துக் காட்டினார். துளையின் முனைக் கணக்கைக்கூட விடாமல் இரண்டு தரம் வாசித்தார்.

கப்பல் பார்சலில் முதல் ஜோடி வந்துசேர மூன்று மாதத்துக்கு மேல் ஆயிற்று. நான் போனபோது பெட்டி பிரித்துக் கிடந்தது.

“என்னங்க ஆச்சு?”

“சேரலீங்க.”

எனக்கு அவமானமாகப் போய்விட்டது. இன்ஜினியர் அளந்த அளவு சேரவில்லை என்றால்? மறுபடி அளந்தேன். இந்தத் தடவை நுட்பமாக அளக்கிற ஆபீஸ் வெர்னியரையே எடுத்துப் போனேன். மறுபடி கடிதம், மறுபடி மூன்று பக்கம் பதில், மறுபடி பார்சல்.

“சேரலீங்க.”

மூன்றாவது ஜோடி வந்தது. அதுவும் சேரவில்லை. இதற்குள் ஒன்றரை வருஷம் ஓடிவிட்டது. புல் முழங்கால் உயரம் வளர்ந்திருந்தது. நான் ஒவ்வொரு ஞாயிறும் பஸ் ஏறிப் போய், சாப்பிட்டு, கடிதம் கேட்டு, அளந்து, திரும்பிவந்தேன். புதுப் பிளேடைக் காட்டுங்கள் என்று சொன்னால் மட்டும், “சித்தெ இருங்க, சாப்புட்டுப் பாத்துக்கலாமுங்க” என்பார். அப்புறம் மறந்துபோகும்.

ஒரு ஞாயிறு நான் போனபோது அவர் ஊரில் இல்லை. திருச்செங்கோட்டில் சொந்தக்காரர் வீட்டுத் துக்கத்துக்குப் போயிருந்தார். ராமாயி மட்டும் இருந்தார். சேராத பிளேடுகளைப் பார்க்க வேண்டும் என்றேன். அவர் என்னை ஒரு நிமிஷம் பார்த்தார்.

“அதெதுக்குங்க இப்ப?”

“எங்கே தப்புன்னு பார்க்கணும்ல?”

உள்ளே போய் மூன்று பெட்டிகளையும் தூக்கிவந்து வைத்தார். முதல் ஜோடியை எடுத்து மாட்டினேன். உட்கார்ந்தது. கன கச்சிதமாக உட்கார்ந்தது. இரண்டாவதும், மூன்றாவதும் அப்படியே. என்ன நடந்திருக்கும்? பெரியவர் தலைகீழாக மாட்டிப் பார்த்து, சேரவில்லை என்று நினைத்திருப்பார். இதுதான் எனக்குத் தோன்றியது. வேறு ஒன்றுமே தோன்றவில்லை. படித்த படிப்பு அப்படி.

இரண்டாவது ஜோடிக்கு ரெக்கை உயரம், புழுதியைக் கிளப்பியது. முதல் ஜோடிக்குத் தாழ்வான ரெக்கை. அதையே போட்டேன். நடுத்துளையை ஒரு ஆணியில் மாட்டித் தொங்கவிட்டு, இரண்டு பக்கமும் சமமாக நிற்கிறதா என்றும் பார்த்துக்கொண்டேன். பிறகு மிஷினில் ஏறி உட்கார்ந்து, அரை ஏக்கரையும் வெட்டித் தள்ளினேன். ராமாயி வாசல்படியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். நாமக்கல் வந்த நாளிலிருந்து அவ்வளவு சந்தோஷமான ஞாயிறு எனக்கு வாய்த்ததில்லை.

அத்தோடு விட்டேனா? மறுநாளே தங்கவேலுவுக்கு ஏர்லெட்டர் போட்டேன். “எல்லாப் பிளேடுகளும் சரியாகப் பொருந்திவிட்டன. இனி தாங்கள் அலைய வேண்டியதில்லை.”

அடுத்த ஞாயிறு பெரியவர் புல்தரை ஓரமாக நின்றிருந்தார்.

“சேந்துருச்சுங்களா?” என்றார்.

“நூல் பிசகாம சேர்ந்துடுச்சு. நீங்க தலைகீழா மாட்டியிருப்பீங்க. மகனுக்கும் எழுதிப் போட்டுட்டேன்.”

“எழுதிட்டீங்களா.”

“ஆமாங்க.”

“செரீங்க” என்றார். நான் ரெக்கை எந்தப் பக்கம் பார்க்க வேண்டும் என்று அரை மணி நேரம் விளக்கினேன். தலையை ஆட்டிக் கேட்டுக்கொண்டார்.

தங்கவேலுவிடமிருந்து எனக்கு ஒரு கார்டு வந்தது: மிக்க நன்றி. அப்பாவுக்கும் நாலு வரி வந்தது: சந்தோஷம் அப்பா, உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். பிறகு ஒரு மாதம் ஒன்றுமில்லை. இரண்டாவது மாதமும் ஒன்றுமில்லை. நான் போகிற ஞாயிறுகளில் வாசிப்பதற்கு எதுவும் இல்லை. சாப்பிட்டோம். வாழைக்கு மழை இல்லை என்று பேசினோம். அதையும் எத்தனை தரம் பேசுவது? புல் மட்டும் ஒட்ட வெட்டி, பளிச்சென்று இருந்தது.

நாலாவது மாதம். பெரியவர் வாய்க்காலுக்குத் தண்ணீர் பார்க்கப் போயிருந்தபோது ராமாயி வந்து நின்றார்.

“ஏனுங்க, ஒண்ணு சொன்னா கோவிச்சுக்குவீங்களா?”

“சொல்லுங்கம்மா.”

“மொதப் பொட்டி வந்த அன்னைக்கே அய்யா மாட்டிப் பாத்துட்டாருங்க. சேந்துருச்சுங்க. அப்புறம் அவரே கழட்டிப் பொட்டீல வெச்சுட்டாரு. ‘ராமாயி, சேந்துருச்சுன்னா அவன் என்னத்தெ எழுதுவான்’னு கேட்டாருங்க. இப்பத் தெனமும் ரெண்டு தடவெ தபால்காரரப் பாக்க ரோட்டுக்குப் போயி நிக்கறாருங்க.”

ஒரு மனுஷன் ஒன்றரை வருஷம் பொத்திப் பொத்திக் காப்பாற்றியதை, ஒரு ஸ்பேனரும் ஒரு ஏர்லெட்டரும் வைத்துக்கொண்டு ஒரே வாரத்தில் முடித்துவைத்தவன் நான். அதுவும் உபகாரம் செய்கிறேன் என்று நினைத்துக்கொண்டு.

பெரியவர் திரும்பி வந்ததும் கேட்டேன். “பெல்ட் அறுந்துபோச்சுன்னு எழுதலாமாங்க?”

அவர் ராமாயியைப் பார்த்தார். அந்த அம்மாள் உள்ளே போய்விட்டார். பெரியவர் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

“நானும் அதெ யோசிச்சேனுங்க. பெல்ட்டு. அதுக்கப்புறம் டயரு. அதுக்கப்புறம் கார்புரேட்டரு. ஒரு மிஷினுல எத்தனைங்க இருக்கும், கெட்டுப்போறதுக்கு?”

“நிறைய இருக்குங்க” என்றேன்.

“எனக்கு அத்தனை வயசு இல்லீங்களே” என்றார்.

பிறகு அவரே ஏர்லெட்டர் எடுத்து, கண்ணாடி போட்டுக்கொண்டு எழுதினார். இந்தத் தடவை என்னை எழுதச் சொல்லவில்லை. எழுதி முடித்து என்னிடம் நீட்டினார். நாலே வரி.

“தங்கவேலுக்கு, பிளேடு மொதல்லயே சேந்துருச்சு. நாந்தான் சேரலைன்னு எழுதினேன். இன்ஜினியர் மேல தப்பு இல்லை. நீ எழுதறதுக்கு ஒரு சோலி வேணுமேன்னு அப்பிடிப் பண்ணிப்போட்டேன். கோவிச்சுக்காதே சாமி.”

எழுதிவிட்டாரே தவிர, தபாலில் போடவில்லை. அடுத்த ஞாயிறும் அது காலண்டருக்குப் பின்னால் செருகியே இருந்தது. “கோவிச்சுக்கிட்டு, இருக்கற கடுதாசியும் நின்னுபோச்சுன்னா?” என்றார். இருப்பதே ஒன்றும் இல்லை என்று நான் சொல்லவில்லை. மூன்றாவது ஞாயிறு போனபோது காலண்டருக்குப் பின்னால் அது இல்லை.

ஒரு மாதம் கழித்து ஒரு புதன்கிழமை, பஸ் ஏறி நேராக ஆபீஸுக்கே வந்துவிட்டார். பையிலிருந்து ஒரு கவரை எடுத்து என் மேஜைமேல் வைத்தார். “படிங்க” என்றார். அவர் ஏற்கெனவே பலமுறை படித்திருந்தது மடிப்பிலேயே தெரிந்தது.

கோபமாகத்தான் ஆரம்பித்திருந்தார் தங்கவேலு. “உங்கள் பிளேடுக்காக எத்தனை ஞாயிற்றுக்கிழமை கடை கடையாக அலைந்தேன் தெரியுமா? ஐம்பது மைல் தள்ளி ஒரு பழைய சாமான் கடைக்குக்கூடப் போனேன்” என்று ஒரு பக்கம் இருந்தது. அப்புறம் இரண்டு வரி இடைவெளி. வேறு பேனா.

“நேற்று இவ்வளவும் எழுதிவிட்டுத் தூங்கப் போனேன். இன்றைக்கு ஞாயிறு. குழந்தைகள் அவர்கள் சிநேகிதர் வீட்டில். எனக்குப் போவதற்கு ஒரு கடை இல்லை. இங்கேயும் ஞாயிற்றுக்கிழமை ரொம்ப நீளம் அப்பா. அந்தப் பிளேடு தேடின நாட்களில் எனக்கு அது தெரியவில்லை.”

படித்து முடித்து நிமிர்ந்தேன். பெரியவர் ஜன்னல் வழியாகப் பட்டறையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“அவனுக்கும் அப்பிடித்தான் இருந்திருக்குதுங்க” என்றார். “தெரியாமப் போச்சுங்களே.”

சந்தோஷமா, துக்கமா என்று அவர் முகத்திலிருந்து என்னால் கண்டுபிடிக்க முடியவில்லை. டீ வாங்கிக் கொடுத்தேன். குடித்துவிட்டு, கவரைப் பத்திரமாகப் பையில் வைத்துக்கொண்டு பஸ் ஸ்டாண்டுக்குப் போனார். அன்று ஆபீஸில் யாரும் சிரிக்கவில்லை.

அதற்குப் பிறகு எல்லாம் சரியாகிவிட்டதா? அப்படிச் சொல்லிப் பத்தியை முடிக்க எனக்கும் ஆசைதான். மாதம் ஒரு கடிதம் வந்தது. சில மாதங்கள் வரவில்லை. வந்தால் அரைப் பக்கம், மிஷினைப் பற்றி ஒரு வரி இருக்காது. இரண்டு வருஷம் கழித்து ஒரு தைப்பொங்கலுக்குத் தங்கவேலு வந்து பதினைந்து நாள் இருந்துவிட்டுப் போனார். மறுபடியும் வீடு, புல்தரை, அவர். என்றாலும் பெரியவர் ரோட்டில் போய் நிற்பதை விட்டுவிட்டார் என்று ராமாயி சொன்னார். வருகிறபோது வரட்டும் என்று இருந்துவிட்டாராம்.

பெரியவர் கவரோடு வந்த அந்தப் புதன்கிழமை சாயங்காலம் அறைக்குத் திரும்பியதும், திருநெல்வேலிக்கு நான் அதுவரை எழுதிய கடிதங்களை யோசித்துப் பார்த்தேன். ஸ்டவ்வுக்குத் திரி வாங்கியாயிற்றா? ரேஷன் கார்டில் பெயர் திருத்தியாயிற்றா? மகளுக்குத் தடுப்பூசி போட்டாயிற்றா? கல்யாணமாகிப் பதினைந்து வருஷம். அத்தனை கடிதத்திலும் ஒரு சோலி. சோலி இல்லாத ஒரு வரி உண்டா?

உட்கார்ந்து எழுதினேன். ஒரு விசேஷமும் இல்லை, ஒன்றும் வாங்க வேண்டாம், உன் ஞாபகம் வந்தது, சும்மா எழுதுகிறேன், இங்கே ஞாயிற்றுக்கிழமைகளில் பட்டறைச் சத்தம் கேட்பதில்லை… இப்படி ஒரு பக்கம். எழுதும்போது கை கூசியது. போட்டுவிட்டேன்.

மூன்றாம் நாள் மனைவியிடமிருந்து தந்தி வந்தது: “உடம்புக்கு என்ன? உடனே பதில்.”